இருபத்தொரு டிகிரிக் குளிர்

ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காக நார்வேயின் வடகோடியிலிருந்து திருச்சிக்கு வந்தேன். "மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை, இயக்கியவரின் தவறு" என்று அதில் இருக்க வேண்டும். படகு மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பதினெட்டு வருடமாக அங்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் அதைத்தான் செய்கிறேன். கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை என் பள்ளித் தோழன் கணேசன் போனிலேயே சொல்லிவிட்டான். அங்கிருந்தே எழுதி அனுப்பியிருக்கலாம். மோட்டாரைக் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று வீம்பு பிடித்துக் கிளம்பினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த வீம்பு ஒன்றுதான்.

விஷயம் இது. ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறை ஒன்றில் கணேசனும் எங்கள் வகுப்புத் தோழர்கள் சிலரும் சேர்ந்து ஒரு மீட்புப் படகு வைத்திருக்கிறார்கள். குளிக்க வருகிறவர்கள் ஆழத்துக்குப் போய்விட்டால் இழுத்து வருவதற்கு. அதன் பின்னால் தொங்கும் மோட்டார் நான் இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பியது. எங்கள் பட்டறையில் ஒரு கிழவர் கழித்துவிட்டுப் போனது. பழையதுதான், ஆனால் கார்புரேட்டர் வைத்த பழைய ரகம் இல்லை. பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது என்று உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

இந்த மார்கழி தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் சுப்பிரமணி என்ற டெம்போ டிரைவர் குளிக்க இறங்கினார். ஆறு இழுத்துக்கொண்டு போயிற்று. மோட்டார் கிளம்பவில்லை. மூன்று நாலு நிமிடம் சுழன்று சுழன்று சும்மா இருந்தது. மறுநாள்தான் அவரை எடுத்தார்கள். படகோட்டி முருகேசனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். தூங்கிவிட்டான் என்றார்கள் சிலர், குடித்திருந்தான் என்றார்கள் சிலர். வெளிநாட்டு மோட்டாரை ஓட்டத் தெரியாதவன் என்று எல்லாருமே சொன்னார்கள். சுப்பிரமணியின் மனைவி முருகேசன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாராம். போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் என் கடிதம்.

முதல் நாள் விமான நிலையத்துக்குக் கணேசன் காரோடு வந்திருந்தான். தில்லை நகரில் பைக் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான். காதைச் சுற்றி மப்ளர். வழியெல்லாம் குரங்குக் குல்லாக்கள். காரில் காட்டிய வெப்பநிலை இருபத்தொரு டிகிரி. எங்கள் துறைமுகத்தில் இருபத்தொரு டிகிரி வந்தால் ஆளாளுக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். சிரித்தேன். கணேசனும் சிரித்தான். "ஒனக்கென்னடா, ஐஸ்ல பொறந்தவன் மாதிரி பேசுற" என்றான்.

படித்துறைச் சுவரில் ஒரு பிளெக்ஸ் பேனர் வெளிறிப்போய்த் தொங்கியது. மோட்டார் வந்த அன்று வைத்ததாம். அதில் நான் கம்பளிக் குல்லாயோடு இருக்கிறேன். பெயருக்கு முன்னால் இரண்டு அடைமொழி. கீழே தோழர்களின் படங்கள் வரிசையாக. முருகேசன் படம் இல்லை.

மதியம் இரண்டு மணிக்குப் படகில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். மறுபடியும் கிளம்பிற்று. "பாத்தியா? நான்தான் சொன்னேன்ல" என்றான் கணேசன். திருவானைக்காவலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தான். சட்னியைத் தொட்டுக்கொள்ளவே மனம் வரவில்லை, ரோஸ்ட் அவ்வளவு நன்றாக இருந்தது. சாப்பிட்ட கையோடு கடிதத்தின் முதல் பத்தியையும் மனதுக்குள் எழுதி முடித்தேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முருகேசன் எனக்குப் புதியவர் இல்லை. போன மார்கழியிலிருந்து பத்துத் தடவையாவது போன் செய்திருப்பார். "அண்ணே, காலையில மட்டும் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. குளிருக்கு அடம் புடிக்குது. பிளக்கைக் கழட்டிப் பாத்தா ஈரமா இருக்கு" என்பார். மைனஸ் பதினைந்தில் மோட்டார் கிளப்புகிற எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பட்டறையில் சொல்லி எல்லாரும் சிரித்தோம். ஒருநாள், "குளிருதுன்னா கம்பளி போத்தி விடுங்க" என்றேன். இன்னொரு நாள், நிஜமான ஆலோசனை என்று நினைத்து, "பத்து செகண்ட் சுத்துங்க, கொஞ்சம் விடுங்க, மறுபடி சுத்துங்க. விட்டுடாதீங்க, கண்டிப்பா கெளம்பும்" என்றேன். அவர் சரிங்கண்ணே என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு நானே போனேன். படித்துறையில் பனி கசிந்து படி வழுக்கியது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்டது. மோட்டாரின் மேல் ஒரு கறுப்புக் கம்பளி போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காவலாளியைக் கேட்டேன். "முருகேசன் கட்டுனதுங்க. மார்கழி பொறந்தா தெனம் சாயந்தரம் கட்டிருவாரு. நான் அப்படியே கட்டிட்டு வரேன்" என்றார்.

கம்பளியை அவிழ்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சுழன்றது, கிளம்பவில்லை. பத்து வினாடி, இடைவெளி, மறுபடி பத்து வினாடி. ஒரு தடவை இருமியது. பிறகு அதுவும் இல்லை. குளிக்க வந்திருந்த ஆந்திரப் பெண்கள் இருவர் கரையில் நின்று தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அரைகுறையாக எனக்குப் புரிந்தது. "இந்தப் படகு எதுக்கு?" என்றார் ஒருவர். "போட்டோ எடுத்துக்கத்தான் போல" என்றார் மற்றவர். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் சொட்டியது. ஈரமாக இருக்கிறது என்று ஒரு மனிதர் ஒரு வருடமாகச் சொன்னதை முதல் தடவையாகக் காதில் வாங்கினேன்.

பிளக்கைத் துடைத்துப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்துச் சுழற்றினேன். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், தேங்கியது வெளியேறும். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு மோட்டார் எழுந்தது. இதைப் போனில் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. இனி மறுநாள் விடியும்வரை சோதிக்க வழியில்லை. குளிர்ந்த மோட்டாரின் கோளாறைக் குளிர்ந்த மோட்டாரில்தான் பார்க்க முடியும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

அன்றைய பகல் முழுக்கப் பெட்ரோல் அழுத்தம் அளக்கும் மீட்டருக்காக ஆட்டோவில் அலைந்தேன். தில்லை நகரில் கார் சர்வீஸ் கடை ஒன்றில் கிடைத்தது. ஆட்டோ டிரைவருக்கு என் கவலை எப்படியோ தொற்றிக்கொண்டது. "அந்தப் படகு மேட்டருங்களா சார்? ஓட்டுனவன் சரியில்லைன்னு பேசிக்கிறாங்க. பாவம், செத்தவருக்கு சின்னப் புள்ளைங்க" என்றார். ஓட்டியவர் சரியாகத்தான் இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை புது பிளக்குகள், மீட்டர், டார்ச் என்று தயாராகப் போனேன். அழுத்தம் சரியாக இருந்தது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எதுவும் ஒழுகவில்லை. பிளக்கில் பொறி நீலமாக விழுந்தது. எல்லாம் சரி, மோட்டார் மட்டும் கிளம்பவில்லை. புது பிளக்குகளும் நனைந்தன. பதினெட்டு வருட அனுபவம் படித்துறையில் கைகட்டி நின்றது. காவலாளி தம் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அது என் கையிலேயே ஆறிப்போயிற்று.

முருகேசனைக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவர் துறையூர் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய்விட்டார் என்று காவலாளி சொன்னார். பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் நின்றது. செல்ஃப் வேலை செய்யவில்லை. கண்டக்டர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஆம்பளைங்கள்லாம் கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க" என்றார். தள்ளினோம். முன்னால் தள்ளிய பெரியவர் இன்னொருவரிடம், "நேத்தும் இதே எடத்துலதான் தள்ளுனேன். பஸ் பாஸ் காசுல பாதி இவன் எனக்குத் தரணும்" என்றார். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிற்று. எங்கள் துறைமுகத்து ஊரில் இப்படி நடந்திருந்தால் பயணிகள் எல்லாரும் புகார் எழுதிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ பொறாமையாக இருந்தது. ஆற்றில் நிற்கும் மோட்டாரைத் தள்ளிக் கிளப்ப முடியாது.

முருகேசன் ஒரு வெங்காய மண்டியில் சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அகலமான தோள்கள். போனில் கேட்ட குரலை வைத்து நான் ஒல்லியான ஆளை நினைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பேனர்ல பாத்த மொகம்தான். வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?" என்றார்.

வேண்டாம் என்றாலும் விடவில்லை. பக்கத்திலேயே வீடு. அவர் மனைவி சுடுசோறும் வெங்காயக் காரக்குழம்பும் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மென்றுகொண்டே கேள்வி கேட்டேன், முருகேசன் நின்றுகொண்டே பதில் சொன்னார். காலையில் மட்டும்தான் தகராறு. வெயில் ஏறிவிட்டால் பிரச்சினை இல்லை. பெட்ரோல் மட்டும் எப்போதும் அதிகமாகக் குடிக்கும், புகையும் கறுப்பாக வரும்.

"எனக்கு என்ன தோணுதுன்னா, சொன்னா சிரிக்கக் கூடாது" என்றார்.

"சிரிக்க மாட்டேன், சொல்லுங்க."

"அது இன்னும் ஒங்க ஊர்லயே இருக்கறதா நெனைச்சுக்குது அண்ணே. ஐஸுக்குள்ள இருக்கோம்னு நெனைச்சு வயித்து நெறையக் குடிச்சுக்குது. இங்க அவ்வளவு தேவையில்ல, அதான் மூச்சு முட்டுது."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. மோட்டாரின் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன சென்சார் உண்டு. அது கடுங்குளிர் என்று சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளித் தெளிக்கும். அந்த சென்சார் பொய் சொல்கிறது. வெங்காயம் தரம் பிரிக்கிறவர் கண்டுபிடித்துவிட்டார், நான் மூன்று நாளாகக் கண்டுபிடிக்கவில்லை.

நான்காம் நாள் காலை மோட்டாரைக் கிளப்பிப் பார்க்கவே இல்லை. மேல்மூடியைக் கழற்றி சென்சாரை அளந்தேன். சென்சார் உண்மையைத்தான் சொன்னது. இருபத்தொரு டிகிரிக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ சரியாக அவ்வளவு. அப்படியானால் பொய் வழியில் எங்கோ கலக்கிறது. வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு சாண் தூரத்தில் நீல டேப் சுற்றிய ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்திருந்தது, பிறகு உரிக்க வசதியாக. எங்கள் பட்டறையில் அப்படி மடிக்கிற ஆள் ஒருவன்தான். உரித்தேன். வயரை வெட்டி நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்திருந்தது. அதன் வழியாகப் போகும்போது சென்சார் சொல்லும் எந்தச் சூடும் கம்ப்யூட்டருக்குக் கடுங்குளிராகிவிடும்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை. மைனஸ் பதினேழு. அந்தக் கிழவருக்கு மறுநாள் விடியலில் கடலுக்குப் போயாக வேண்டும், மோட்டார் கிளம்பவில்லை. உண்மையான காரணத்தைத் தேட ஒரு நாள் பிடிக்கும். நான் இந்த ரெசிஸ்டரை வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றி அதிகப் பெட்ரோல் கொடுக்க வைத்தேன். கிளம்பிற்று. கிழவர் மீன் கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமை சரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்தத் திங்கட்கிழமையும் பார்க்கவில்லை.

முதலாளி ஓலாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நார்வேஜியனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "நல்ல வேலைதானே அது? இங்கே அது நல்ல வேலை. அங்கே அனுப்பும்போது ஏன் எடுக்கவில்லை?" நான் மறந்துவிட்டேன் என்றேன். "யாராவது உன்னிடம் புகார் சொன்னார்களா?" என்று கேட்டார். பத்துத் தடவை என்றேன்.

கணேசனிடம் அவன் கடையில் வைத்தே சொன்னேன். ரெசிஸ்டரை மேஜையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை, கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"இது யாருக்குத் தெரியும்? காவிரில வீசிட்டு வயரை ஒட்டிரு. மோட்டார் நல்லாருக்குன்னு எழுது. இப்ப அது உண்மைதானே?"

"முருகேசன்?"

"அவனுக்கு வேற வேல பாத்துத் தரேன்டா. என் பொறுப்பு. நீ பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துட்டு ஸ்டேஷன் வாசல்ல நிக்கப் போறியா? எங்க எல்லாரையும் சேத்து இழுக்கப் போறியா?"

அவன் கெட்டவன் இல்லை. படகு ஓடத் தொடங்கிய பிறகு ஐந்தாறு பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அத்தனை பேரின் பெயரையும் சொல்வான். அவன் சொன்ன வழி எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் முழுக்கப் பிடித்திருந்தது. பிறகு காரக்குழம்பு வைத்த அந்தப் பெண்ணின் பேசாத முகம் நினைவுக்கு வந்து, அந்த வழி கசந்துபோயிற்று. லாட்ஜுக்குப் போய் எழுதினேன். ரெசிஸ்டரை வைத்தது நான். எடுக்க மறந்தது நான். புகாரைக் கேட்டுச் சிரித்தது நான். இயக்கியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. கையெழுத்துப் போட்டதும், வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. முருகேசனுக்குப் போன் செய்து காலையில் வரச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் அவர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கணேசனும் வந்து பேனருக்குக் கீழே தள்ளி நின்றான். வயரை நேராக ஒட்டியாகிவிட்டது. முதலில் கடிதத்தை முருகேசனுக்குப் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டார். ரெசிஸ்டரைக் கையில் வாங்கி, விரலால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவு சின்னதா" என்றார்.

"நீங்களே கெளப்புங்க" என்றேன்.

படகில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இருபத்தொரு டிகிரி, பனி, இரவெல்லாம் குளிர்ந்த மோட்டார். ஒரு வினாடிகூட ஆகவில்லை. சீராக, புகையில்லாமல் ஓடிற்று. காவலாளி கைதட்டினார். முருகேசன் உடனே அணைத்துவிட்டார். மறுபடி கிளப்பவில்லை. சாவியில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் அதோ, அந்தக் கல்லுக்கு நேரா போனாரு" என்றார். நாற்பது அடி இருக்கும். "கையத் தூக்கி என்னையத்தான் பாத்தாரு. நான் காவிரிலயே நீச்சல் கத்துக்கிட்டவன் அண்ணே. இது கெளம்பவே கெளம்பாதுன்னு தெரிஞ்சிருந்தா குதிச்சிருப்பேன். கண்டிப்பா கெளம்பும், விட்டுடாதீங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல. அதான் சாவியை விடல."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மடித்து வைத்த கடிதத்தைப் பிரித்து, ஈரப்படியிலேயே உட்கார்ந்து, கையெழுத்துக்குக் கீழே அவர் சொன்னதையும் எழுதினேன்.